தோசைக்கு 'ராஞ்ச்' தொட்டுக்கொண்ட பேரன்... டெக்ஸாஸ் சமையலறையில் ஒரு கும்பகோணத்துப் பாட்டி!

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை, விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், வடாம், நார்த்தங்காய் ஊறுகாய் என ஒவ்வொன்றாக வைப்பார்கள். எடை 23 கிலோவைத் தாண்டினால் முதலில் வெளியே வருவது புடவைதான். பொடி டப்பா கடைசிவரை வெளியே வராது. அங்கே போய் ஆறு மாதம் சமையலறையில் நிற்கப் போகிறோம், பேரன் பேத்திக்கு நம் கையால் போடப்போகிறோம் என்ற நினைப்பு அப்படி.

கும்பகோணத்தைச் சேர்ந்த அந்த 66 வயதுப் பாட்டியும் 2025 மே மாதம் அதே நினைப்போடுதான் டாலஸ் நகரத்துக்கு அருகே இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். பேரனுக்கு ஏழு வயது. பள்ளிக்குக் கோடை விடுமுறை தொடங்கும் நேரம். தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் வரும்.

போன மூன்றாவது நாள் இரவு தோசை. தேங்காய் சட்னி, சின்ன வெங்காய சாம்பார். பேரன் தட்டைப் பார்த்தான். எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ஒரு வெள்ளைப் புட்டியை எடுத்து வந்தான். தலைகீழாகப் பிடித்து அழுத்தினான். தட்டின் ஓரத்தில் கெட்டியாக, வெள்ளையாக, பச்சைப் புள்ளிகளோடு ஏதோ வந்து விழுந்தது. தோசையைப் பிய்த்து அதில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"இட்ஸ் ஓகே பாட்டி. ராஞ்ச் இருக்கு" என்றான்.

சட்னி காரமாக இருந்திருக்கும் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டார் பாட்டி. மறுநாள் இட்லிக்கும் அதே புட்டி. சப்பாத்திக்கும் அதே. ஒரு மதியம் தயிர்சாதத்தின் மேலேயே அதைப் பிழிந்துகொண்டபோது அவருக்குத் தாங்கவில்லை.

"தயிர்சாதத்துக்கு மேல எதுக்குடா இன்னொரு தயிரு?"

பேரனுக்குக் கேள்வி புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. "விடும்மா. அது இருக்கறதாலதான் கேரட், வெள்ளரிக்காய், புரோக்கோலி எல்லாம் உள்ள போகுது. ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒவ்வொரு வாய்க்கும் அவன்கூட சண்டை போட எனக்குத் தெம்பு இல்லம்மா" என்றார்.

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. புதுக் காய்களைத் தொடவே மறுக்கும் சின்னக் குழந்தைகள், தொட்டுக்கொள்ள ஏதாவது இருந்தால் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று அமெரிக்காவில் மழலையர் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளும் சொல்கின்றன. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்தப் புட்டி ஒரு கூடுதல் கை. ஆனால் பாட்டியின் கையில் இருப்பதோ ஆறு மாதம். அதற்குள் தன் சமையலில் ஒரு வாயாவது பேரன் விரும்பிச் சாப்பிடுவானா என்பதுதான் அவருடைய கேள்வி.

பிளம்பர் கலக்கிய மோர்

ராஞ்ச் டிரெஸ்ஸிங் இல்லாத அமெரிக்க ஃபிரிட்ஜைப் பார்ப்பது கடினம். இலைகளும் காய்களும் கலந்த சாலட்டின் மேல் ஊற்றிப் புரட்டுவதற்கான குழம்புதான் டிரெஸ்ஸிங். ஆனால் அங்கே பீட்சா, கோழி வறுவல், சிப்ஸ் எல்லாவற்றுக்கும் ராஞ்ச் தொட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில் ஊறுகாய்க்கு இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் கதையை மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குச் சொன்னார். நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஹென்சன் என்பவர், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலாஸ்காவில் பிளம்பிங் ஒப்பந்த வேலை செய்தவர். கூட வேலை செய்தவர்களுக்குச் சமைத்தும் போட்டார். அப்போது மோர், மயோனைஸ், பூண்டு, வெங்காயம், உலர்ந்த மூலிகை இலைகள் சேர்த்து அவர் கலக்கியதுதான் இதன் தொடக்கம். பிறகு 1950-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பராவுக்கு அருகே மலைப்பகுதியில் மனைவியோடு சேர்ந்து ஒரு பண்ணை விடுதியை வாங்கி, 'ஹிடன் வேலி ராஞ்ச்' என்று பெயர் வைத்தார். 'ராஞ்ச்' என்றால் கால்நடைப் பண்ணை. தங்க வந்தவர்கள் ஊருக்குப் போகும்போது டிரெஸ்ஸிங்கையும் கேட்டு வாங்கிப் போனார்கள். கேட்பவர்கள் கூடக்கூட, வீட்டிலேயே கலந்துகொள்ளும்படி பொடியாக்கிப் பொட்டலத்தில் போட்டு அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார் ஹென்சன்.

1972-ல் துணி வெளுக்கும் பிளீச்சுக்குப் பெயர்பெற்ற குளோராக்ஸ் நிறுவனம் அந்தப் பெயரையும் வியாபாரத்தையும் 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1983-ல் ஃபிரிட்ஜ் இல்லாமலே கடை அலமாரியில் வைக்கக்கூடிய புட்டி வந்தது. 1986-ல் டொரிட்டோஸ் சிப்ஸ் 'கூல் ராஞ்ச்' சுவையில் வந்தது. ஒரு வீட்டுக் குழம்பு, கூட்டாளிகளுக்காகக் கலக்கிய குழம்பு, முப்பது சொச்சம் ஆண்டுகளில் ஒரு நாட்டின் பொது ருசியாகிவிட்டது.

கதையைக் கேட்ட பாட்டி ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார். "மோரா? இதுல மோரா போட்டிருக்கு?"

புட்டியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புட்டியைத் திருப்பினார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது அவருக்குப் பழக்கம். தெரியாத ஆங்கிலச் சொற்களை மருமகன் படித்துச் சொன்னார்.

சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையோ அதுதான் முதலில் வரும். அந்தப் புட்டியில் முதலில் இருந்தது சோயா எண்ணெய். அடுத்து தண்ணீர், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, உப்பு. அதற்குப் பிறகுதான் மோர். சர்க்கரைக்கும் உப்புக்கும் பின்னால்!

இரண்டு மேஜைக்கரண்டி அளவுக்கு சுமார் 130 கலோரி, 260 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தது. தோசைக்கும் பீட்சாவுக்கும் காய்க்குமாகப் பேரன் ஒரு நாளைக்கு ஆறு கரண்டியாவது பிழிந்துகொள்கிறான். அப்படியானால் அதிலிருந்து மட்டுமே 780 மில்லிகிராம். நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் போகக் கூடாது என்பது அமெரிக்காவின் பரிந்துரை. பாதிக்கு மேல் அந்தப் புட்டியிலேயே முடிந்துவிடுகிறது. மீதிச் சாப்பாட்டில் இருக்கும் உப்பு தனிக் கணக்கு.

பாட்டியை உறுத்தியது முட்டையும்தான். அவர் முட்டை சாப்பிடுவதில்லை. அதோடு, ஊரிலிருந்து கிளம்பும் நேரத்தில் கேட்ட ஒரு செய்தி மனதில் இருந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் சேமித்து வைக்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதித்திருந்தது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம்; நம் வெயிலில் அவை வேகமாகப் பெருகும் என்பதே காரணம். கடைப் புட்டிகளில் பாஸ்ச்சரைஸ் செய்த முட்டையைச் சேர்ப்பதால் அந்தப் பயம் இல்லை என்று மருமகன் விளக்கினார். பாட்டி தலையாட்டினார். ஆனால் வீட்டில் செய்வதென்றால் முட்டை வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஆம், வீட்டில் செய்துவிடுவது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். "மோர், பூண்டு, கீரை. இது என்ன பெரிய வித்தை? நாப்பது வருஷமா மோர்க்குழம்பு வெக்கறேன்."

"இது சட்னி, பாட்டி!"

முதல் முயற்சி ஒரே வாயில் முடிந்தது. கடையில் 'பட்டர்மில்க்' என்ற அட்டைப்பெட்டியை வாங்கி வரச் சொன்னார். நம் மோர்போல நீர்க்க இருக்கும் என்று நினைத்துச் சாய்த்தால், தயிர்போல் தொப்பென்று விழுந்தது. நாம் மோர் என்பது தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்தது, அல்லது தயிரில் நீர் விட்டு ஆற்றியது. அமெரிக்கக் கடையின் பட்டர்மில்க், கொழுப்பு குறைந்த பாலில் நேரடியாக உறை சேர்த்துப் புளிக்க வைப்பது. நீர் சேர்ப்பதில்லை. அதனால் கெட்டியாக இருக்கும்.

அதில் கைநிறையக் கொத்தமல்லி, ஒரு பச்சை மிளகாய், பூண்டு போட்டு மிக்ஸியில் ஓட்டினார். வந்தது பச்சை நிறத் தண்ணீர். பேரன் ஒரு கேரட் துண்டின் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"இது சட்னி, பாட்டி. ராஞ்ச் இல்ல."

இரண்டாவது முறை கெட்டித் தயிரில் செய்தார். அதையும் மிக்ஸியில் ஓட்டியதால் இளகிவிட்டது. மூன்றாவது முறை பழைய புட்டியைக் கழுவி அதில் ஊற்றி வைத்தார். பேரன் பிழிந்து ஒரு வாய் வைத்தான். நிமிர்ந்து பாட்டியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அன்று இரவு மகள் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னார். "அவனை ஏமாத்தாதம்மா. பிடிக்கலைன்னாகூட பரவாயில்ல. புட்டியில மாத்தி வெச்சா, அடுத்த தடவை நீ எது குடுத்தாலும் சந்தேகப்படுவான்."

பாட்டி பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை புட்டியைக் கழுவிக் குப்பையில் போட்டார். பேரனைக் கூப்பிட்டார். "கண்ணா, உன் ராஞ்ச் எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியல. நீ சொல்லு, நான் பண்றேன்."

ஏழு வயதுப் பையனிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அவன் ஃபிரிட்ஜிலிருந்து புட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்கத் தொடங்கினான். காரம் கூடாது. பச்சையாக இருக்கக் கூடாது. வெள்ளையில் பச்சைப் புள்ளிதான் வேண்டும். கேரட்டை நிமிர்த்திப் பிடித்தால் சொட்டக் கூடாது.

கிரைப் வாட்டர் வாசனை

அன்று மாலை மூவரும் கடைக்குப் போனார்கள். ராஞ்ச்சுக்கு உரிய இலைகள் மூன்று என்று மகள் சொன்னார். பார்ஸ்லி, பார்க்கக் கொத்தமல்லிக்கு அக்கா மாதிரி இருக்கும், வாசனை அடக்கம். சைவ்ஸ், வெங்காயத்தாளின் மெல்லிய வகை. மூன்றாவது டில், நூல் நூலாகப் பிரிந்த இலை.

டில் கட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்த பாட்டி அங்கேயே நின்றுவிட்டார். "இது கிரைப் வாட்டர் வாசனைடி!"

அது சரிதான். டில் என்பது நம் சதகுப்பை. நாட்டு மருந்துக் கடையில் விதையாகக் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் லேகியத்தில் சேரும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டரில் சேர்வது அதன் எண்ணெய்தான். (குழந்தை மருத்துவர்கள் பலர் இப்போது கிரைப் வாட்டரைப் பரிந்துரைப்பதில்லை.) கர்நாடகத்தில் இதன் இலையை 'சப்ஸிகே' என்று கீரையாகவே சமைக்கிறார்கள். மகளுக்கு மூன்று மாதமாக இருந்தபோது வயிற்று வலியில் அழுத இரவுகளில் பாலாடையில் ஊற்றிக் கொடுத்த அதே வாசனை, நாற்பது ஆண்டுகள் கழித்து டாலஸ் சூப்பர் மார்க்கெட்டின் குளிர்ந்த அலமாரியிலிருந்து வந்தது.

"உங்கம்மா குட்டியா இருந்தப்ப இந்த வாசனைதான் அடிக்கும்" என்று பேரனிடம் சொன்னார். அவன் டில் கட்டை வாங்கி மோந்து பார்த்தான். பிறகு அம்மாவையும் ஒரு முறை மோந்து பார்த்தான். "நோ" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

சொட்டாத ராஞ்ச்... செய்வது எப்படி?

நாலாவது முறை செய்தது நின்றது. அதன் அளவு இதுதான்.

கிரீக் யோகர்ட் என்று விற்கும் வடிகட்டிய கெட்டித் தயிர் ஒரு கப், பட்டர்மில்க் கால் கப். இவை இரண்டும் அடிப்படை. மயோனைஸ் இல்லாததால் வழவழப்புக்கு இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். அதிக மணம் இல்லாத எந்த எண்ணெயும் சரி. பூண்டு அரைப் பல்லைத் துருவி, அரை டீஸ்பூன் உப்போடு சேர்த்துக் கத்தியின் பக்கவாட்டால் நசுக்க வேண்டும். அரை டீஸ்பூன் வெங்காயப் பொடி, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. பார்ஸ்லி, டில், சைவ்ஸ் மூன்றையும் பொடியாக நறுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு மேஜைக்கரண்டி. உலர்ந்த இலை என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும்.

மிக்ஸி வேண்டாம். வடிகட்டிய தயிரை வேகமாக அடித்தால் அதன் கட்டு உடைந்து இளகிவிடும். இலையை அரைத்தால் சாறு இறங்கிப் பச்சை நிறமும் புல் வாசனையும் வந்துவிடும். பாட்டியின் முதல் இரண்டு முயற்சிகள் அங்கேதான் கவிழ்ந்தன. கரண்டியால் கலந்தாலே போதும். தயிரும் பட்டர்மில்க்கும் சேர்ந்த பிறகு எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும், இலை கடைசியில்.

இலையைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போன பிறகுதான் நறுக்க வேண்டும். காய்க்கும் இதே விதி. ஈரக் கேரட்டிலும் ஈர இலையிலும் எந்த டிரெஸ்ஸிங்கும் ஒட்டாது, வழுக்கி ஓடிவிடும்.

கலந்ததும் சாப்பிட்டால் பூண்டு மட்டும்தான் தெரியும். மூடி ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வைக்க வேண்டும். பூண்டு, இலை இவற்றின் வாசனை எண்ணெயிலும் தயிரின் கொழுப்பிலும் மெல்ல இறங்க அந்த நேரம் தேவை. புளித்த மாவுக்கும் ஊறுகாய்க்கும் பொறுமை காட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காத்திருப்பு அல்ல.

இந்த அளவில் குறைந்தது ஒன்றேகால் கப், அதாவது இருபது மேஜைக்கரண்டி கிடைக்கும். அரை டீஸ்பூன் உப்பு அத்தனைக்கும் பிரிந்து போவதால், இரண்டு கரண்டிக்கு வரும் சோடியம் புட்டியில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

பேரன் கேரட்டைத் தொட்டு நிமிர்த்திப் பிடித்தான். சொட்டவில்லை. சாப்பிட்டான். "இது புட்டி ராஞ்ச் இல்ல" என்றான். பாட்டியின் முகம் மாறுவதற்குள் அடுத்ததையும் சொன்னான். "பட் இது ராஞ்ச்தான்."

நம் ஊரில் செய்ய...

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கிரீக் யோகர்ட் தேட வேண்டியதில்லை. முழுக்கொழுப்புப் பாலில் உறைந்த, புளிக்காத தயிர் அரை லிட்டரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, ஃபிரிட்ஜுக்குள் நான்கைந்து மணி நேரம் விட்டால் ஏறக்குறைய ஒரு கப் கெட்டித் தயிர் கிடைக்கும். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் சேர்க்கலாம். பட்டர்மில்க்குக்குப் பதில் நீர் சேர்க்காத சாதாரணத் தயிர் இரண்டு மூன்று கரண்டி போதும். இன்னும் வழவழப்பு வேண்டுமென்றால் பத்து முந்திரியை ஊறவைத்து விழுதாக்கிச் சேர்க்கலாம்.

டில் கிடைக்காவிட்டால் கொத்தமல்லியும் புதினாவும் வெங்காயத்தாளும் போதும். அப்போது அது ராஞ்ச்சாக இருக்காது, வேறொன்றாக இருக்கும். அதனால் ஒன்றும் குறைவில்லை. பச்சை நிற டிரெஸ்ஸிங்குக்கும் அமெரிக்காவில் ஒரு பாரம்பரியம் உண்டு. 1923-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் பேலஸ் ஹோட்டலில், 'தி கிரீன் காடஸ்' நாடகத்தில் நடித்த ஜார்ஜ் ஆர்லிஸ் என்ற நடிகரைச் சிறப்பிக்க இலைகள் நிறைந்த ஒரு டிரெஸ்ஸிங் செய்தார்கள். நாடகத்தின் பெயரே அதற்கும் பெயரானது. இன்றும் கடைகளில் 'கிரீன் காடஸ்' கிடைக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பாட்டி, ஆகஸ்டில் தன் கொத்தமல்லி-புதினா டிரெஸ்ஸிங்கை மறுபடி செய்தார். இந்த முறை தனிக் கிண்ணத்தில், அதன் சொந்த நிறத்திலேயே வைத்தார். பேரன் அதைத் தொடவில்லை. மருமகன் தினமும் சாலட்டுக்கு ஊற்றிக்கொண்டார். செப்டம்பரில் ஒரு நாள் பேரன் தோசையின் ஓரத்தை அதில் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியும் கேட்கவில்லை.

எத்தனை நாள் தாங்கும்?

வீட்டில் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. கடைப் புட்டி திறந்த பிறகும் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் தாங்கும். அதில் எண்ணெயும் வினிகரும் பதப்படுத்திகளும் காவல் இருக்கின்றன. வீட்டு டிரெஸ்ஸிங்கில் இருப்பது பாலும் பச்சை இலையும் பச்சைப் பூண்டும். நான்கு நாள், மிஞ்சிப் போனால் ஐந்து நாள். மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பெரிய பாத்திரத்திலிருந்து சின்னக் கிண்ணத்தில் தேவையானதை மட்டும் எடுத்து வைக்க வேண்டும். கடித்த கேரட்டைப் பெரிய பாத்திரத்தில் தொடக் கூடாது.

இந்தக் கடைசி விதியைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாட்டிக்குத் தெரிந்தது ஒரே சொல்தான்: எச்சில். அதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்காமல் மகளும் மருமகனும் திணறினார்கள். கடைசியில் அவன் தமிழிலேயே அதைக் கற்றுக்கொண்டான். பள்ளி தொடங்கிய பிறகு மதிய உணவு மேஜையில் இன்னொரு பையன் கடித்த துண்டை இவன் டப்பாவில் விட வந்தபோது, "நோ, எச்சில்!" என்று கத்தியதாக ஆசிரியையிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தார்.

அக்டோபர் மாதம், ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது, செய்முறையை எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னதே பேரன்தான். பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தான். பாட்டி சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் எழுதினான். முதல் வரியிலேயே நின்றது.

"பூண்டு கொஞ்சம்..."

"கொஞ்சம்னா எவ்வளவு பாட்டி?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்."

"எத்தனை ஸ்பூன்?"

நாற்பது ஆண்டுகளாகக் கண்ணால் அளந்தவருக்கு அந்தக் கேள்வி கடினமாக இருந்தது. உப்பைக் கையில் எடுப்பார், பேரன் அதை ஸ்பூனில் கொட்டச் சொல்லி எழுதிக்கொள்வான். டில்லைக் கிள்ளுவார், அவன் ஸ்பூனை நீட்டுவான். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் அப்படி வந்தவைதான். பாட்டியின் 'கொஞ்சம்' ஒவ்வொரு பொருளுக்கும் வேறு வேறு அளவு என்பதைப் பேரனும், தனக்கே தெரியாமல் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவைத்தான் எடுக்கிறோம் என்பதைப் பாட்டியும் அன்றுதான் கண்டுபிடித்தார்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் வெள்ளைப் புட்டி இன்னும் இருக்கிறது. பீட்சா நாளில் அதுதான் வெளியே வரும். அதை ஒழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் இப்போது பாட்டிக்கும் இல்லை. அதற்கு மேல்தட்டில் ஒரு கண்ணாடி டப்பா இருக்கிறது. மூடியில் ஒட்டிய தாளில் செய்த தேதியை எழுதுவது பேரனின் வேலை.

பாட்டி கும்பகோணம் திரும்பிய பிறகு ஒரு சனிக்கிழமை காலை வீடியோ அழைப்பு வந்தது. அங்கே வெள்ளி இரவு. திரை முழுக்கக் கண்ணாடி டப்பா.

"பாட்டி, இது மண்டே பண்ணது. இன்னிக்கு சாப்பிடலாமா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நீதான் மோந்து பாக்கணும்."

மூக்கை டப்பாவுக்குள் விட்டான். "டில் வருது. பூண்டு வருது. கொஞ்சம் புளிப்பு வருது."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

பேரன் யோசித்தான். மறுபடி மோந்து பார்த்தான்.

"தயிர்சாதம் அளவு."

"அப்ப சாப்பிடு. நாளைக்கு வேண்டாம்."